எண்ணப்படாத தண்ணீர்: சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து ஒரு பாடம்

அமெரிக்காவின் தென்கிழக்குப் பிராந்தியத்தை 2024 செப்டெம்பர் மாத இறுதியில் தாக்கிய ஹெலீன் சூறாவளி இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. அந்தப் பேரழிவின் மத்தியில், வட கரோலினா மாநிலத்தில் மரியன் என்ற சிறு நகருக்கு அண்மையிலுள்ள தொழிற்சாலையொன்றில் அணைக்கட்டு உடைந்து வெள்ளம் புகுந்தது என்ற செய்தி முதலிரு நாட்களில் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. ஒரு வாரத்திற்குள்ளாகவே அதன் தாக்கம் அந்த நாடெங்கும் உணரப்பட்டது. பக்ஸ்டர் நிறுவனத்திற்குச் சொந்தமான அந்தத் தொழிற்சாலை, அமெரிக்க வைத்தியசாலைகளுக்குத் தேவையான சேலைன் முதலான திரவங்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தை உற்பத்தி செய்துவந்தது. தொழிற்சாலை மூடப்பட்டதும் வைத்தியசாலைகளுக்கு வழமையான தேவையில் 40 சதவீதம் மாத்திரமே வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. பல பிரபல வைத்தியசாலைகள் அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்தன. உலகின் மிகச் செல்வந்த நாட்டில், அதிநவீன கருவிகளும் தேர்ந்த வைத்தியர்களும் இருந்தும், உப்புக் கலந்த தண்ணீர் இல்லாத காரணத்தினால் சத்திரசிகிச்சைக் கூடங்கள் காத்திருக்க நேர்ந்தது.

சேலைன் என்றதும் நோயாளியின் கையில் ஏற்றப்படும் திரவமே நமது நினைவுக்கு வருகின்றது. ஆனால், அந்தத் தொழிற்சாலையில் உற்பத்தி செய்யப்பட்டவற்றுள் இன்னொரு வகைத் திரவமும் இருந்தது. சத்திரசிகிச்சையின்போது உடலின் உட்பகுதியைக் கழுவுவதற்கும், உட்குழிகளை விரித்து வைத்தியரின் பார்வைக்குத் தெளிவாக்குவதற்கும் பாய்ச்சப்படுகின்ற கழுவு திரவமே அதுவாகும். வயலுக்கு நீர் பாய்ச்சுவதற்கும் இதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லே வழங்குகின்றது. சிறுநீர்ப்பையினுள் கருவியைச் செலுத்திச் செய்யும் சிகிச்சை, சிறுநீரகக் கல்லை அகற்றுதல், முழங்கால் மற்றும் தோள் மூட்டுகளினுள் குழாய்க் கருவி கொண்டு செய்யப்படும் சிகிச்சை, கருப்பையினுள் வளர்ந்த கட்டியை அகற்றுதல், கண்புரைச் சிகிச்சை, விபத்தில் உடைந்து திறந்த எலும்பு முறிவைச் சுத்திகரித்தல் என இதன் பாவனை மிகவும் பரந்தது. சில சிகிச்சைகளில் ஒரு நோயாளிக்குப் பாய்ச்சப்படும் திரவத்தின் அளவு பத்து லீற்றரையும் தாண்டிவிடும்.

இவ்வளவு பெருமளவில் பயன்படுத்தப்பட்டும் சத்திரசிகிச்சைக் கூடத்தில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் பொருளாக இதுவே இருந்துவருகின்றது. உலக சுகாதார ஸ்தாபனம் 2008 ஆம் ஆண்டு வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் உள்ளன. சிகிச்சையின் முடிவில் கருவிகளும் துணிகளும் ஊசிகளும் எண்ணப்பட்டனவா என்று கேட்பது அவற்றுள் ஒன்று. உட்சென்ற திரவம் எவ்வளவு, வெளிவந்தது எவ்வளவு என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. வயிற்றுக்குள் ஒரு துணி தவறிவிடப்பட்டால் அது பத்திரிகைச் செய்தியாகின்றது. இரத்தத்தினுள் இரண்டு லீற்றர் தண்ணீர் கலந்துவிட்டால் அது பெரும்பாலும் 'எதிர்பாராத சிக்கல்' என்ற இரண்டு சொற்களுடன் முடிந்துவிடுகின்றது.

தண்ணீர் எவ்வாறு ஆபத்தாகின்றது என்பதை அறிவதற்குப் புரோஸ்டேட் சுரப்பிச் சிகிச்சையே தக்க உதாரணமாகும். வயது முதிர்ந்த ஆண்களில் பலருக்கு இந்தச் சுரப்பி வீங்கிச் சிறுநீர் வெளியேறுவதைத் தடுக்கின்றது. சிறுநீர்க்குழாய் வழியே கருவியைச் செலுத்தி, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தினால் சுரப்பியைச் சிறிது சிறிதாகச் சீவி எடுப்பது நீண்டகாலமாக நடைமுறையிலுள்ள முறையாகும். சீவும்போது இரத்தம் கசிந்து பார்வையை மறைப்பதனால் திரவம் இடைவிடாது பாய்ச்சப்பட வேண்டும். ஆனால், உப்புக் கலந்த சேலைன் மின்சாரத்தைக் கடத்தும் தன்மையுடையது. பழைய ஒருமுனை மின்கருவியுடன் அதனைப் பாவித்தால் மின்சாரம் திரவத்தினூடாகப் பரவி, வெட்டும் வேலை நடைபெறாது. எனவே ஆரம்ப காலத்தில் உப்பற்ற சுத்தமான நீரே பயன்படுத்தப்பட்டது.

அதன் விளைவு சில நோயாளிகளுக்குப் பாரதூரமாக அமைந்தது. சீவப்பட்ட இடத்தில் திறந்திருக்கும் நாளங்களினூடாகத் தண்ணீர் இரத்தத்தில் கலந்தபோது செங்குருதிக் கலங்கள் நீரை உறிஞ்சி வெடித்தன. சிறுநீரகங்கள் செயலிழந்தன. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறீவி என்ற வைத்தியர் 1947 ஆம் ஆண்டு இத்தகைய மரணமொன்றை மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டே, 1948 இல், நெஸ்பிற், கிளிக்மன் ஆகிய இருவர் கிளைசின் என்ற அமினோ அமிலம் கலந்த திரவத்தை மாற்றீடாக முன்வைத்தனர். அது மின்சாரத்தைக் கடத்துவதில்லை. கலங்களும் வெடிப்பதில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று கருதப்பட்டது.

உண்மையில் ஒரு பிரச்சினை தீர்ந்து இன்னொன்று தோன்றியது. கிளைசின் திரவத்தில் சோடியம் இல்லை. நிமிடத்திற்கு 10 முதல் 30 மில்லிலீற்றர் வரை அது இரத்தத்தில் கலக்கக்கூடும் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. ஒரு மணித்தியாலச் சிகிச்சையில் இது ஒன்றரை லீற்றருக்கும் மேலாகலாம். அப்போது இரத்தத்திலுள்ள சோடியத்தின் செறிவு வீழ்ச்சியடைகின்றது. வழமையாக 135 முதல் 145 வரை இருக்கவேண்டிய அந்த அளவு 120 ஐயும் விடக் குறையுமாயின் மூளை வீங்கத் தொடங்கும். நோயாளி முதலில் அமைதியிழப்பார், குமட்டல் ஏற்படும், பேச்சுத் தடுமாறும். பின்னர் வலிப்பு, நினைவிழப்பு, இதயத் துடிப்பின் தளர்ச்சி என நிலைமை மோசமடையக்கூடும். கிளைசின் விழித்திரையிலுள்ள நரம்புகளின் செயற்பாட்டையும் தடுப்பதனால் சிலருக்குத் தற்காலிகமாகப் பார்வையே மங்கிவிடுகின்றது. புரோஸ்டேட் சிகிச்சையின் பின்னர் கண் தெரியவில்லை என்று ஒரு முதியவர் கூறும்போது வீட்டார் திகைப்பது இயல்பே. அதற்கான காரணமும் இந்தத் திரவமாகவே இருக்கக்கூடும்.

இந்த ஆபத்தைக் குறைக்கும் வழிகள் இரகசியமானவையல்ல. திரவப் பையை நோயாளியின் மட்டத்திலிருந்து அதிக உயரத்தில் தொங்கவிடக்கூடாது. உயரம் கூடக்கூட அமுக்கமும் கூடி, உட்செல்லும் அளவும் அதிகரிக்கின்றது. சீவும் நேரம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முழு மயக்கத்திற்குப் பதிலாக முள்ளந்தண்டில் மருந்து ஏற்றி இடுப்பின் கீழ் மாத்திரம் மரக்கச் செய்தால் நோயாளி விழித்திருப்பார். அவரது பேச்சில் ஏற்படும் சிறு தடுமாற்றமே முதல் எச்சரிக்கையாக அமையும். எல்லாவற்றிற்கும் மேலாக, உட்சென்ற திரவத்தையும் வெளிவந்த திரவத்தையும் அளந்து வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும். கருப்பையினுள் மேற்கொள்ளப்படும் சிகிச்சைகளுக்கு இந்த எல்லை தெளிவாகவே வகுக்கப்பட்டுள்ளது. ஆரோக்கியமான பெண்ணுக்கு உப்பற்ற திரவமாயின் 1,000 மில்லிலீற்றரும் சேலைனாயின் 2,500 மில்லிலீற்றரும் வித்தியாசமாக வந்தவுடன் சிகிச்சையை நிறுத்த வேண்டும் என்பது சர்வதேச ரீதியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிகாட்டலாகும். முதியவர்களுக்கும் இதய, சிறுநீரக நோயாளர்களுக்கும் அந்த எல்லை இன்னும் குறைவானது.

தொழில்நுட்பமும் ஒரு மாற்றுவழியைத் தந்துள்ளது. இருமுனை மின்கருவி என அழைக்கப்படும் புதிய கருவியைச் சேலைனுடனேயே பயன்படுத்தலாம். சோடியம் குறையும் ஆபத்து இதனால் பெருமளவு நீங்கிவிடுகின்றது. பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டல் நிறுவனமான நைஸ் 2015 ஆம் ஆண்டில் இம்முறையைப் பரிந்துரைத்தது. எனினும், இதுவும் முழுமையான கவசமல்ல என்பதை மறந்துவிடலாகாது. சேலைனும் இரத்தத்தில் கலக்கவே செய்கின்றது. பலவீனமான இதயமுடைய ஒருவரின் உடலில் இரண்டு, மூன்று லீற்றர் சேலைன் சேருமாயின் நுரையீரலில் நீர் கட்டும். தோள்மூட்டுச் சிகிச்சையில் பாய்ச்சப்படும் திரவம் மெல்லக் கசிந்து கழுத்துப் பகுதியை வீங்கச் செய்து சுவாசப் பாதையை நெருக்கிய சம்பவங்களும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. குளிர்ந்த திரவம் பெருமளவில் பாய்ச்சப்படும்போது முதியவர்களின் உடல் வெப்பம் வீழ்ச்சியடைகின்றது. கருவி மாறினாலும் அளந்து பார்க்கும் கடமை மாறுவதில்லை.

அடுத்த கேள்வி, இந்தத் திரவம் எவ்வளவு சுத்தமானது என்பதாகும். 1972 ஆம் ஆண்டு பிரித்தானியாவின் டெவன்போர்ட் நகரில் நிகழ்ந்த அனர்த்தம் இன்றும் மருந்தாக்கத் துறையில் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. போத்தல்களில் அடைக்கப்பட்ட குளுக்கோஸ் திரவம் கிருமி நீக்கும் கொதிகலனில் வைக்கப்பட்டபோது, உள்ளே சிக்கியிருந்த காற்றின் காரணமாகக் கீழ்த்தட்டிலிருந்த போத்தல்கள் உரிய வெப்பத்தை அடையவில்லை. மேல்தட்டுப் போத்தல்களைப் பரிசோதித்தவர்கள் முழுத்தொகுதியும் சரியானதென முடிவுசெய்தனர். அந்தத் திரவம் ஏற்றப்பட்ட நோயாளிகள் சிலர் உயிரிழந்தனர். அது நாளங்களில் ஏற்றப்படும் திரவமே எனினும், கழுவு திரவமும் அதே வகைக் கொதிகலன்களிலிருந்தே வருகின்றது. அதே தவறு இதற்கும் நேரலாம்.

கிருமி இறந்துவிட்டால் மட்டும் போதாது என்பதைக் கண் சத்திரசிகிச்சை உணர்த்தியது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்காவில் கண்புரைச் சிகிச்சை பெற்ற பலருக்குக் கண்ணின் முன்பகுதியில் கடுமையான அழற்சி தோன்றியது. ஆராய்ந்தபோது, கண்ணைக் கழுவப் பயன்படுத்திய உப்புத் திரவத்தின் ஒரு தயாரிப்பில் இறந்த பக்ரீரியாக்கள் விட்டுச்சென்ற நச்சுப்பொருள் இருந்தமை தெரியவந்தது. உயிருள்ள கிருமி எதுவும் இல்லாததனால் வழமையான கிருமிப் பரிசோதனையில் அது வெளிப்பட்டிருக்காது. நச்சுக்கெனத் தனியான பரிசோதனை அவசியம். மிக அண்மையில், 2023 நவம்பரிலும், கிருமி நீக்கப்பட்டவையெனச் சந்தைப்படுத்தப்பட்ட நீர் மற்றும் சேலைன் பொருட்களை அமெரிக்க நிறுவனமொன்று மீளப்பெற நேர்ந்தது.

இது தூரத்துக் கதையென நாம் அசட்டையாக இருந்துவிட முடியாது. 2023 ஏப்ரலில் நுவரெலியாவில் கண்புரைச் சிகிச்சை பெற்ற நோயாளர்கள் இறக்குமதி செய்யப்பட்ட கண்சொட்டு மருந்தினால் பாதிக்கப்பட்டுப் பார்வையை இழந்த துயரம் நமது நினைவிலிருந்து அகலவில்லை. அது கழுவு திரவம் அல்ல என்பது உண்மையே. ஆனால், கண்ணுக்குள் செல்லும் திரவமொன்றைக் கொள்வனவு செய்யும்போது விலையைத் தவிர வேறு எவை பரிசோதிக்கப்படுகின்றன என்ற கேள்வி இரண்டிற்கும் பொதுவானது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த ஒரு முதியவர் எஞ்சிய காலத்தில் பேரப்பிள்ளைகளின் முகத்தைத் தெளிவாகப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையுடனேயே வைத்தியசாலைக்கு வருகின்றார். அவருடைய நம்பிக்கை ஒரு போத்தலின் மேல் ஒட்டப்பட்ட சீட்டைச் சார்ந்திருக்கின்றது.

இனி, எவ்வளவு திரவம் உண்மையில் தேவை என்பதையும் ஆராய வேண்டும். அதிகம் கழுவினால் அதிகம் சுத்தமாகும் என்பது நமது பொதுப்புத்தி. ஆராய்ச்சிகள் எப்போதும் அவ்வாறு கூறவில்லை. குடல்வால் வெடித்த 220 சிறுவர்களைக் கொண்டு அமெரிக்காவில் மேற்கொள்ளப்பட்டு 2012 இல் வெளியான ஆய்வொன்று, வயிற்றைச் சேலைனால் கழுவியமையினால் சீழ்க்கட்டு குறையவில்லை என்றும், சீழை உறிஞ்சி எடுத்தாலே போதுமானது என்றும் காட்டியது. திறந்த எலும்பு முறிவுகள் தொடர்பாக இந்தியா உட்படப் பல நாடுகளில் இரண்டாயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட நோயாளர்களிடம் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வு இன்னும் முக்கியமானது. உயர் அமுக்கத்தில் பீய்ச்சும் விலைகூடிய கருவிக்கும் சாதாரணமாக ஊற்றிக் கழுவுவதற்கும் இடையே பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சவர்க்காரக் கரைசலால் கழுவப்பட்டவர்களுக்கே மீண்டும் சத்திரசிகிச்சை செய்யவேண்டிய நிலை அதிகமாக ஏற்பட்டது. காயத்தை நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலந்த திரவத்தால் கழுவும் வழக்கத்தையும் உலக சுகாதார ஸ்தாபனம் 2016 இல் பரிந்துரைக்க மறுத்துவிட்டது. வறிய நாடொன்றுக்கு இவை நற்செய்திகளாகும். மலிவானதும் எளிமையானதுமான வழியே பல இடங்களில் போதுமானதாக இருக்கின்றது.

ஆனால், மலிவான பொருளுக்கும் ஓர் ஆபத்துண்டு. அதில் இலாபம் குறைவு என்பதனால் உற்பத்தியாளர்களும் குறைவு. கனதியான பொருளாகையால் தூரத்திலிருந்து கொண்டுவருவதும் செலவுமிக்கது. எனவே ஓரிரு பெருந்தொழிற்சாலைகளிலேயே உற்பத்தி குவிகின்றது. 2017 இல் மரியா சூறாவளி புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோதே அமெரிக்கா இந்தப் பாடத்தைக் கற்றிருக்க வேண்டும். அங்கும் சேலைன் தொழிற்சாலைகள் முடங்கின. ஏழு ஆண்டுகளின் பின்னர் அதே அனுபவம் வட கரோலினாவில் மீண்டும் நிகழ்ந்தது. கனடா, அயர்லாந்து, பிரித்தானியா, சீனா முதலிய நாடுகளிலிருந்து அவசரமாக இறக்குமதி செய்ய அனுமதி வழங்கப்பட்டது. அடுத்த சூறாவளி புளோரிடாவை நெருங்கியபோது, அங்கிருந்த மற்றொரு உற்பத்தியாளரின் கையிருப்பைப் பாரவூர்திகளில் ஏற்றிப் பாதுகாப்பான இடத்திற்கு அனுப்புவதற்கு அரசாங்கமே உதவியது. பணபலமும் போக்குவரத்து வசதியும் உள்ள நாட்டினால் இவற்றைச் செய்ய முடிந்தது.

நமது நிலை என்ன? 2022 மார்ச் மாதத்தில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாட்டினால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்ட செய்தி வெளியானபோது அயல்நாட்டு வெளிவிவகார அமைச்சரே கவலை தெரிவித்து உதவ முன்வந்தார். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் மலையகத்தின் வீதிகளைத் துண்டித்து, வெள்ளமும் மண்சரிவும் ஒரு மாவட்டத்தை இன்னொரு மாவட்டத்திலிருந்து எவ்வளவு விரைவாகப் பிரித்துவிடும் என்பதை நிரூபித்தது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர் கப்பலை எதிர்பார்த்திருந்த யாழ்ப்பாண மக்களுக்கு, பாதை அடைபடுதல் என்பதன் பொருளை விளக்கவேண்டிய தேவையில்லை. கொழும்பிலுள்ள களஞ்சியத்தில் போதிய கையிருப்பு உள்ளதென்று அறிவிப்பதனால் கல்முனையிலோ பதுளையிலோ சத்திரசிகிச்சை மேசையில் இருப்பவருக்கு எவ்விதப் பயனும் கிடைப்பதில்லை.

வைத்தியர்களே நாட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கும்போது தண்ணீரைப் பற்றி எழுதுவதா என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், ஆட்பலம் குறையும்போதே இத்தகைய சிறிய ஒழுங்குகளின் பெறுமதி கூடுகின்றது. களைப்படைந்த ஒரு தாதியின் ஞாபகத்தை நம்பியிருப்பதை விட, சுவரில் தொங்கும் ஒரு பதிவேட்டை நம்புவது பாதுகாப்பானது. வெளிவரும் திரவத்தைச் சேகரிக்க அளவுக்கோடிட்ட வாளி போதும். அதற்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. பாய்ச்சப்பட்டது, திரும்பியது, வித்தியாசம் என்ற மூன்று எண்களை ஒவ்வொரு பத்து நிமிடத்திற்கும் எழுதி, எல்லையை அடைந்ததும் உரத்துச் சொல்லும் அதிகாரத்தைத் தாதிக்கு வழங்குவதே முதற்படியாகும். நிபுணர் வேலையில் மூழ்கியிருக்கும்போது 'சேர், போதும்' என்று கனிஷ்ட ஊழியர் ஒருவர் துணிந்து கூறக்கூடிய சூழல் நமது வைத்தியசாலைகளில் இருக்கின்றதா என்பதையும் நேர்மையாகக் கேட்டுப்பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பயன்படுத்தப்பட்ட திரவத்தின் தொகுதி இலக்கம் நோயாளியின் பதிவில் எழுதப்பட வேண்டும். ஒரு தொகுதியில் கோளாறு கண்டறியப்படும்போது அது யார் யாருக்குப் பாவிக்கப்பட்டது என்பதை ஒரு மணித்தியாலத்தில் அறியக்கூடியதாக இருத்தல் அவசியம். மூன்றாவது, 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவாக்கப்பட்ட தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, கண்ணிலும் மூட்டிலும் செல்லும் திரவங்களைக் கிருமிக்கும் நச்சுக்கும் எனத் தனித்தனியே பரிசோதிக்கும் வசதியைப் பெற்றிருக்க வேண்டும். நான்காவது, கேள்விப்பத்திரம் கோரும்போது ஆகக்குறைந்த விலைக்குரிய ஒருவருக்கே முழுத் தேவையையும் கையளிப்பதைத் தவிர்த்து, இரு வழங்குநர்களையேனும் பேணுவதும், மாகாண மட்டத்தில் கையிருப்பை வைத்திருப்பதும் விவேகமானவை. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியினால் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி உலகிற்கு வழிகாட்டிய நாடு இது. மலிவான மருந்தைத் தரமாகவும் தடையின்றியும் வழங்குவதே அன்றைய சிந்தனையாக இருந்தது. சேலைனும் அந்தச் சிந்தனைக்குள் அடங்கும்.

நோயாளர்களின் குடும்பத்தினருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வைத்தியரைச் சந்தேகக் கண்கொண்டு பார்க்கவேண்டிய அவசியமில்லை. இதய நோய், சிறுநீரக நோய் இருப்பின் அதனையும், சிறுநீரை அதிகரிக்கும் மாத்திரைகளை உட்கொள்வதாயின் அதனையும் சிகிச்சைக்கு முன்னரே மறைக்காமல் கூறிவிட வேண்டும். சிகிச்சையின் பின்னர் முதியவர் குழப்பமாகப் பேசினாலோ, பார்வை மங்குவதாகக் கூறினாலோ, மூச்சு முட்டினாலோ, வயதின் தடுமாற்றம் என்று அமைதியாக இருந்துவிடாமல் உடனடியாகத் தாதியரை அழைக்க வேண்டும். இரத்தத்தின் சோடியம் அளவைப் பரிசோதிப்பது எளிய காரியம். உரிய நேரத்தில் கண்டறிந்தால் பெரும்பாலானோரைக் காப்பாற்றிவிடலாம். தாமதித்த பின்னர் சோடியத்தை அவசர அவசரமாக உயர்த்த முனைவதும் மூளைக்குத் தீங்காக முடியலாம்.

வட கரோலினாவில் வெள்ளம் வடிந்து உற்பத்தி மீண்டும் தொடங்கிவிட்டது. தட்டுப்பாட்டு நாட்களில் அங்குள்ள வைத்தியசாலைகள் ஒவ்வொரு பையையும் கணக்கிட்டன. எங்கே வீணாகின்றது, எங்கே உண்மையில் தேவை என்று முதன்முறையாகக் கவனித்தன. கையிருப்பில் இல்லாதபோது எண்ணப்பட்ட தண்ணீரை, இருக்கும்போதும் எண்ணுவதற்குப் பழகிக்கொண்டால் நாம் இன்னொரு வெள்ளத்திற்காகவோ இன்னொரு முதியவரின் மரணத்திற்காகவோ காத்திருக்க வேண்டியதில்லை. சுகாதார அமைச்சு இதற்கெனப் பெரிய குழுவொன்றை நியமிக்கத் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கையும் ஒரு பதிவேடும் ஓர் அளவுவாளியும் போதும். அவற்றை நாளையே தொடங்கலாம்.